கிட்டாரின் புது நொப்களையும் பிரிட்ஜையும் பழசாக்க

தம்பி, அப்பாவின் பழைய கிட்டாரில் நீங்கள் மாற்றிய வெள்ளை நொப்களும் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) கம்பிகளைத் தாங்கும் நிக்கல் பிரிட்ஜும் மட்டும் பளிச்சென்று கண்ணில் குத்துகின்றன என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கவலை சரியானதுதான். அவற்றையும் பழசுபோலத் தெரியச் செய்யலாம்.

நொப்களைக் கழற்றி, பச்சை ஸ்கிரபரால் மெதுவாகத் தேய்த்து மினுக்கத்தை எடுங்கள். அப்புறம் கடும் சாயத் தேத்தண்ணியில் ஊறவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும். அடிக்கடி எடுத்து, துடைத்து, பழைய பிளாஸ்டிக்கோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். சில பிளாஸ்டிக்கில் சாயம் ஏறாது; முதலில் உட்பக்கத்தில் பாருங்கள்.

பிரிட்ஜில்தான் பொறுமை வேண்டும். கம்பியின் உயரம் மாற்றும் சின்னத் திருகாணிகளைக் கட்டாயம் கழற்றி வையுங்கள். துருப்பிடித்து இறுகினால் பிறகு அசையாது. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் கொஞ்சம் வினாகிரி ஊற்றி, பாகம் அதில் தொடாமல் போத்தல் மூடிகளின் மேல் வைத்து மூடுங்கள். ஆவி பட்டு நிக்கல் மங்கும். குரோம் பூச்சென்றால் இலகுவில் மங்காது. அப்பச்சோடாத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, ஒரு துளி எண்ணெய் பூசுங்கள்.

உள்ளங்கை படும் ஓரங்களை மட்டும் கூடுதலாகத் தேயுங்கள். எல்லா இடமும் ஒரே அளவில் மங்கினால் போலி என்று உடனே தெரியும். ஸ்டீல் வூலை (தேய்க்கும் இரும்பு நார்) கிட்டாருக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம், அதன் தூள் கம்பிகளின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பின் காந்தத்தில் ஒட்டிவிடும்.