மூன்று அடுக்கு ஹார்ப்சிகார்டை நம்பலாமா?

கேள்வி: லண்டனில் ஒரு வியாபாரி, 1650 என்று எழுதிய இத்தாலிய ஹார்ப்சிகார்டை (பியானோ போன்ற, தந்தியை மீட்டி ஒலிக்கும் பழைய இசைக்கருவி) விற்கிறார். விரலால் அழுத்தி வாசிக்கும் கட்டைகள் மூன்று அடுக்கு. வாங்கலாமா?

பதில்: மூன்று அடுக்கு என்றாலே உஷாராகிவிடுங்கள். அந்தக் காலத்து இத்தாலியப் பட்டறைகள் பெரும்பாலும் ஒற்றை அடுக்குதான் செய்தன. ஃப்ளாரன்ஸ் வியாபாரி லியோபோல்டோ ஃப்ரான்சியோலினி பழைய கருவிகளில் அடுக்கு கூட்டி, பொய்யான பெயரும் ஆண்டும் எழுதி விற்றவர். 1910இல் மோசடி வழக்கில் தண்டனை பெற்றார். அவர் கைபட்ட சரக்கு அருங்காட்சியகங்களுக்குள்ளும் புகுந்திருக்கிறது!

கட்டைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். அடைத்த ஆணித் துளைகள், வெட்டி ஒட்டிய பக்கப்பலகை, பழைய மரத்தோடு ஒட்டாத புது மரம் இருந்தால், பிற்காலத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். அப்புறம் தந்திகள். மெல்லிய பித்தளைத் தந்திக்குப் பதில் தடித்த பியானோ கம்பி கட்டியிருந்தால், இழுவை தாங்காமல் பெட்டி முறுக்கிக்கொள்ளும், ஒலிப்பலகை விரிசல் விடும். நேர்கோல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்தப் பழுதை நீக்க ஆகும் செலவு பல சமயம் கருவியின் விலையையே தாண்டும்.

கட்டைகளில் தந்தம் உண்டா? பிரிட்டனில் 1975க்கு முந்தைய இசைக்கருவியில் தந்தம் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் விற்கலாம், பதிவு கட்டாயம். பதிவுச் சான்றைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.