சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஆக்‌ஷன் கேமில் வில்லனாக ஆட எதில் தொடங்கலாம்? படை வந்ததும் ஏன் உடனே சாகிறேன்?

கேட்டவர் கோலாலம்பூர் செராஸ்காரர். கையில் இருப்பது தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத ஆபீஸ் லேப்டாப். உலகத்தைக் காப்பாற்றிக் காப்பாற்றி அலுத்துவிட்டது, ஒருமுறை எதிர்ப்பக்கம் நின்று ஆட வேண்டும் என்கிறார். நண்பர் வீட்டில் ஆடிப் பார்த்தபோது சிப்பாய்கள் வந்த அரை நிமிடத்தில் ஆள் காலியாம். லோ யாட் மின்னணுக் கடைவளாகத்தில் கன்ட்ரோலர் (கையில் பிடித்து ஆடும் கருவி) வாங்கத்தான் வேண்டுமா என்பது கூடுதல் கேள்வி.

முதலில் சாவுக்கான காரணம். ஹீரோ கேமில் சுவருக்குப் பின்னால் பதுங்கினால் உயிர் தானாக ஏறும், இல்லாவிட்டால் எங்காவது மருந்துப் பெட்டி கிடக்கும். வில்லன் கேம்களில் அந்தச் சலுகை குறைவு. எதிரில் அலறிக்கொண்டு ஓடுகிறார்களே, அவர்கள்தான் உங்கள் மருந்துப் பெட்டி. கோபத்தில் எல்லாரையும் ஒரே மூச்சில் தீர்த்துவிட்டு நடு அறையில் நின்றால், அடுத்த படை வரும்போது உயிரை ஏற்றிக்கொள்ள வழியிருக்காது. ஆகவே ஓர் அறைக்குள் நுழையும்போது எத்தனை பேரைக் கொல்லலாம் என்று பார்க்காமல், யாரைக் கடைசிக்கு மிச்சம் வைக்கலாம் என்று பாருங்கள்.

உங்கள் லேப்டாப்புக்கு நான் சொல்வது கேரியன் என்ற கேம். போலந்தின் ஃபோபியா கேம் ஸ்டுடியோ செய்து, டெவால்வர் டிஜிட்டல் வெளியிட்டு, 2020 ஜூலை 23 அன்று வந்தது. இருபரிமாண பிக்சல் படம் என்பதால் சாதாரண லேப்டாப்பே போதும். ஆய்வுக்கூடத்தில் அடைத்து வைக்கப்பட்ட சிவப்புச் சதைப்பிண்டம் நீங்கள். தப்பித்து வெளியே போவதுதான் வேலை.

இதில் உயிரும் உடம்பும் ஒன்றே. ஆளைத் தின்றால் உடம்பு கூடும், சுடுபட்டால் சுருங்கும். உடம்பு முழுதாக இருக்கும்போது தின்னாதீர்கள். கொன்று போட்டுவிட்டு நகருங்கள். பிணம் அங்கேயே கிடக்கும், அடிபட்டுத் திரும்பி வந்து தின்றுகொள்ளலாம். புதிதாக ஆடுபவர்கள் வாய்க்குக் கிடைத்ததையெல்லாம் உடனே விழுங்கிவிட்டு, அறையின் மறுகோடியில் பசியோடு சாகிறார்கள்.

அடுத்த தவறு, பெரிய உடம்பே பலம் என்று நினைப்பது. உடம்புக்கு மூன்று அளவுகள் உண்டு, ஒவ்வோர் அளவுக்கும் வெவ்வேறு திறன். சிறிய உடம்பில்தான் கம்பித் தடுப்புக்கு அப்பால் வலை வீசிச் சுவிட்சை இழுக்க முடியும். பலகை அடைப்புகளை மோதி உடைக்க அதைவிடப் பெரிய உடம்பு வேண்டும். ஓரிடத்தில் வழி அடைபட்டு முழித்தால், பக்கத்தில் சிவப்புக் குளம் இருக்கிறதா பாருங்கள். அதில் சதையைக் கழற்றி வைத்துவிட்டுச் சின்ன உருவமாகப் போய் வேலையை முடித்து, திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம். சண்டையிலும் பெரிய உடம்பு தொல்லைதான். தலை காற்றுக்குழாய்க்குள் போய்விட்டது என்று நிம்மதியாக இருப்பீர்கள், வால்பக்கம் இன்னும் வெளியே தொங்கிக்கொண்டு தோட்டா வாங்கிக்கொண்டிருக்கும்.

கேடயம் ஏந்திய சிப்பாயும் நெருப்பு வீசும் சிப்பாயும் ஒரே அறையில் நிற்கும் இடம்தான் பலருக்கும் தொண்டையில் சிக்கும் முள். கேடயக்காரனை முன்பக்கமிருந்து பிடிக்க முடியாது, கை பட்டதும் தட்டிவிடும். அறைக்குள் போவதற்கு முன் எத்தனை காற்றுக்குழாய் வாய்கள் அங்கே திறக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு வாயருகே நின்று உறுமுங்கள். துப்பாக்கிகள் அந்தப் பக்கம் திரும்பும். உடனே சுற்றிக்கொண்டு மறுவாயில் வந்து, கேடயக்காரனை முதுகுப்பக்கம் பற்றிக் குழாய்க்குள் இழுத்துவிடுங்கள். நெருப்புக்காரனிடம் கிட்டப் போகவே வேண்டாம். வழியில் பிய்த்த கதவை எறியுங்கள். கதவு இந்த கேமின் மிகச் சிறந்த ஆயுதம், அதை யாரும் ஆயுதமாக மதிப்பதில்லை. அப்படியும் நெருப்புப் பிடித்தால் சண்டையை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு ஓடுங்கள். எரிந்துகொண்டே ஆளைத் தின்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல.

கேரியனில் வரைபடம் கிடையாது. இது குறைதான், சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். வழி தவறினால் உறுமிப் பார்க்கலாம், சேமிப்பு இடங்கள் இருக்கும் திசை தெரியும். சுவர்ப் பிளவுகளில் உடம்பைப் பரப்பிச் சேமிக்கும் அந்த இடங்களைப் போதுமான அளவு பிடித்தால்தான் அந்தப் பகுதியின் வெளிவாசல் திறக்கும். ஐந்து மணி நேரத்துக்குப் பக்கமாக முடிந்துவிடும். ஒரு வாரம் இடைவெளி விட்டுத் திரும்பினால் எங்கே இருந்தோம் என்றே தெரியாது, ஒரு சனி ஞாயிறில் முடிப்பது நல்லது.

நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி கிடைத்தால் டெஸ்ட்ராய் ஆல் ஹியூமன்ஸ். பேண்டமிக் ஸ்டுடியோஸ் 2005-ல் செய்ததை பிளாக் ஃபாரஸ்ட் கேம்ஸ் புதுப்பித்து, டிஎச்க்யூ நோர்டிக் 2020 ஜூலை 28 அன்று வெளியிட்டது, கேரியனுக்கு ஐந்து நாள் கழித்து. 1959-ல் அமெரிக்காவில் இறங்கும் கிரிப்டோ என்ற வேற்றுகிரகவாசி நீங்கள். இங்கே ரத்தத்தைவிட நக்கல் அதிகம். மனிதர்களின் மூளையில் உள்ள டிஎன்ஏதான் பணம், அதைக் கொண்டுதான் ஆயுதங்களை மேம்படுத்த முடியும். கண்டபடி ஆட்களைச் சாம்பலாக்கினால் மூளையும் போச்சு, பணமும் போச்சு. ஆரம்ப மின்சாரத் துப்பாக்கி தானாகச் சார்ஜ் ஏறும். சாதாரண ஆட்களுக்கு அதுவே போதும், சாம்பலாக்கும் கதிரை ராணுவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹோலோபாப் என்ற மனித வேடம் சக்தியைக் குடிக்கும். நடந்துகொண்டே வழிப்போக்கர்களின் மனத்தைப் படித்தால் அந்தச் சக்தி திரும்பும், கேட்கும் எண்ணங்களும் சிரிப்பாக இருக்கும். மஜெஸ்டிக் என்ற ரகசிய அரசு அமைப்பின் ஏஜென்டுகள் பக்கத்தில் மட்டும் வேடத்தோடு சுற்றாதீர்கள், கலைத்துவிடுவார்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம், கிரிப்டோவுக்கு ஆகாது.

அடிதடியே வேண்டும் என்றால் 2009-ல் வந்த புரோட்டோடைப். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் அலெக்ஸ் மெர்சர் என்பவர் நீங்கள், கையே வாளாகும், சாட்டையாகும். யாரைத் தின்கிறீர்களோ அவர் உருவம் உங்களுக்கு வரும், உயிரும் ஏறும். படை துரத்தினால் முதலில் கட்டடத்தைச் சுற்றி ஓடிப் பார்வையிலிருந்து மறையுங்கள், பிறகு உருவம் மாறுங்கள். அவர்கள் கண்ணெதிரே மாறினால் பயனில்லை. சிப்பாய் உருவத்தில் இருக்கும்போது இன்னொரு சிப்பாயைக் கைகாட்டி "இவன்தான் அவன்" என்று மாட்டிவிடலாம், அவன் தோழர்களே அவனைச் சுடுவார்கள். வில்லத்தனம் என்றால் அது! பழைய கேம் என்பதால் புதிய கணினிகளில் சில நேரம் மக்கர் செய்யும்.

ரெபெல்லியன் செய்து 2010-ல் வந்த ஏலியன்ஸ் வெர்சஸ் பிரிடேட்டரில் ஏலியனாக ஆடும் பகுதியும் நன்று. விளக்குகளை உடைத்து இருட்டாக்கிவிட்டு வேட்டையாடலாம். சுவரிலிருந்து கூரைக்கு ஏறும்போது தலை சுற்றும், சாப்பிட்ட கையோடு ஆடாதீர்கள்.

வாங்குவது ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் என்றால் விலை ரிங்கிட்டிலேயே இருக்கும். வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். புரோட்டோடைப் மாதிரிப் பழையவற்றுக்கு அந்த 2 மணி நேரத்தைச் சோதனைக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவசரமில்லை என்றால் ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் வழக்கமாக வரும் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம்.

கன்ட்ரோலர் கட்டாயமில்லை. ஆனால் கேரியனில் மவுஸின் இடது பொத்தான் நகர்த்தும், வலது பொத்தான் பற்றும், இரண்டுக்கும் குறி ஒரே அம்புதான். கன்ட்ரோலரில் கட்டைவிரலால் அசைக்கும் இரண்டு குச்சிகளில் ஒன்று உடம்புக்கு, மற்றது கைக்கு. ஒரு பக்கம் ஓடிக்கொண்டே மறுபக்கம் ஆளை இழுக்க முடிவதால் கன்ட்ரோலரே என் ஓட்டு. லோ யாட்டில் ஒரே கடையோடு நிற்காமல் மாடி ஏறி இன்னும் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். ஹால் சென்சார் குச்சி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரணக் குச்சியின் உள்தகடு உரசித் தேயத் தேய, கை படாமலே உருவம் ஒரு பக்கம் நகர ஆரம்பிக்கும். ஹால் சென்சாரில் காந்தம் என்பதால் அந்த உரசல் இல்லை. பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே கணினியில் செருகச் சொல்லி, இரண்டு குச்சிகளையும் முழு வட்டம் சுற்றிக் கையை எடுத்துவிட்டு, திரையில் புள்ளி நடுவில் வந்து நிற்கிறதா என்று பாருங்கள்.