வரைபடம் ஏன் திரும்பி வருகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பகுதிக் கட்டடக் கலைஞர்கள் சேர்ந்து, திட்ட அனுமதி நடைமுறையைச் சீராக்க உள்ளாட்சி மன்றத்துடன் பேசப் போகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

“சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கள்” என்று கேட்கப் போனால் “பார்க்கலாம்” என்ற பதிலோடு திரும்புவீர்கள். கணக்கோடு போங்கள். முடிவு தெரிந்துவிட்ட கோப்புகள் ஐம்பதைக் கேட்டு வாங்குங்கள். நிலுவையில் உள்ளவை வேண்டாம், அவற்றைக் கேட்டாலே சந்தேகம் வரும். ஒவ்வொன்றிலும் ஐந்து தேதிகளைக் குறியுங்கள்: விண்ணப்பித்த நாள், முழுமையானது என ஏற்கப்பட்ட நாள், முதல் ஆட்சேபக் குறிப்பு வந்த நாள், அதற்குப் பதில் கொடுத்த நாள், முடிவு வந்த நாள். கோப்பு அலுவலகத்தில் இருந்த நாள்கள் தனியாகவும், கட்டடக் கலைஞரின் மேசையில் கிடந்த நாள்கள் தனியாகவும் பிரிந்துவிடும். நம் பங்கு பெரிதாக இருந்தால் அதையும் அப்படியே வையுங்கள். அலுவலர்கள் உங்களை நம்பத் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

சிறு வீட்டையும் பெரிய வளாகத்தையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். சராசரியும் வேண்டாம், வருடக்கணக்கில் இழுத்த ஒரே கோப்பு அதைக் கெடுத்துவிடும். நாள்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் வருவதைப் பாருங்கள், பிறகு கடைசிப் பத்தில் ஒரு பங்கைத் தனியே பிரித்துப் படியுங்கள்.

கெடுவுக்குள் முடிந்தவை இத்தனை சதவீதம் என்று மன்றம் காட்டினால் கவனம் தேவை. இங்கிலாந்தில் பொதுவாகச் சிறு விண்ணப்பங்களுக்கு 8 வாரமும் பெரியவற்றுக்கு 13 வாரமும் சட்டக் கெடு. விண்ணப்பதாரர் எழுத்தில் சம்மதித்தால் அதை நீட்டிக்கலாம்; ஒப்புக்கொண்ட புதிய தேதிக்குள் முடிந்தால் அதுவும் கெடுவுக்குள் முடிந்ததாகவே கணக்கில் ஏறும். உண்மையில் எத்தனை நாள் ஆனது என்பதைச் சதவீதம் சொல்லாது.

கேள்வி: விண்ணப்பங்கள் முதல் சுற்றிலேயே திரும்புவதற்கு வழக்கமான காரணங்கள் என்ன?

வடிவமைப்புக் குறையைவிட, ஆவணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமைதான் அதிகம். படிவத்தில் ஒரு பரப்பளவு, வரைபட அட்டவணையில் வேறொரு பரப்பளவு. பத்திரத்தில் உள்ள மனை அளவு நிலத்தில் அளந்ததோடு ஒத்துப்போகாது. கடைசி நேரத்தில் சன்னலை நகர்த்தியிருப்பார்கள். தரைத்தளப் படம் மாறியிருக்கும், முகப்புப் படம் பழையதாகவே இருக்கும். மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விடும் பக்க இடைவெளியைச் சிலர் சுவரிலிருந்து அளப்பார்கள், அலுவலர் கூரை நீட்டத்தின் விளிம்பிலிருந்து அளப்பார். எதிலிருந்து அளப்பது என்பதை மன்றமே ஒரு படம் வரைந்து வெளியிட்டால், அந்த ஆட்சேபம் பெருமளவு குறையும்.

வரைபடத்தின் அளவு விகிதம் இன்னொரு தொல்லை. ஏ1 தாளுக்கு 1:100 என்று வரைந்ததை ஏ3 தாளில் அச்சிட்டால் அது 1:200 ஆகிவிடும், ஆனால் தலைப்பில் 1:100 என்றே இருக்கும். அளவுகோலை வைத்துப் பார்க்கும் அலுவலருக்கு எல்லா அறையும் பாதியாகத் தெரியும். தாள் அளவையும் எழுதுங்கள். படத்தோடு சேர்ந்து சுருங்கும் அளவுப் பட்டை ஒன்றையும் ஒவ்வொரு தாளிலும் போடுங்கள். வடக்குக் குறியும், தரை மட்டத்தை எந்தப் புள்ளியிலிருந்து எடுத்தீர்கள் என்பதும் கட்டாயம்.

இவற்றையெல்லாம் ஒரே பக்கச் சரிபார்ப்புத் தாளாக்க வேண்டும். அதை நீங்கள் மட்டும் எழுதினால் அலுவலகம் மதிக்காது, அலுவலகம் மட்டும் எழுதினால் நாற்பது பக்கம் ஆகும். கோப்பை முதலில் கையில் வாங்கும் எழுத்தரையும் கூட்டத்தில் உட்கார வையுங்கள். எது எதனால் திரும்புகிறது என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பெரும்பாலும் அவரை யாரும் அழைப்பதில்லை.

கேள்வி: முன் ஆலோசனைக் கூட்டத்தில் அலுவலர் சரி என்கிறார். பிறகு அதே விஷயத்துக்கு ஆட்சேபம் வருகிறது. என்ன செய்யலாம்?

வாய்ச்சொல் நிற்காது. கூட்டம் முடிந்த ஓரிரு நாளில் ஒரு பக்கக் குறிப்பு அனுப்புங்கள்: தேதி, பார்த்த வரைபடத்தின் எண், எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் எழுத்து, பேசியவை. விதிப்படி கட்டாயமானவற்றை ஒரு பத்தியிலும், அலுவலரின் கருத்தாக வந்தவற்றை இன்னொன்றிலும் எழுதுங்கள். பின்னால் மாறுவது பெரும்பாலும் இரண்டாம் வகைதான். முன் ஆலோசனை இறுதி முடிவைக் கட்டுப்படுத்தாது, இங்கிலாந்திலும் அப்படித்தான். ஆனால் எழுத்தில் இருந்தால், கருத்து மாறியதற்குக் காரணம் கேட்க முடியும். மன்றம் பொதுப் படிவம் ஒன்றை ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

கேள்வி: தீயணைப்பு, வடிகால், சாலை என்று துறை துறையாகக் கோப்பு போகிறதே?

வரிசையாக அனுப்புவதுதான் கோளாறு. சாலைத் துறை நுழைவாயிலை நகர்த்தச் சொல்லும். நகர்த்தினால் தீயணைப்பு வண்டிப் பாதை கெடும். கோப்பு மறுபடி முதல் துறைக்குப் போகும். எல்லாத் துறைக்கும் ஒரே நாளில் அனுப்பி, ஒரே கடைசித் தேதி வைத்து, முரண்களை மன்றத்தின் ஒரே அலுவலர் தீர்த்து, ஒரே கடிதமாகத் தர வேண்டும். கட்டட அனுமதிக்கான சிங்கப்பூரின் கோர்நெட் எக்ஸ் (CORENET X) இணைய முறை இந்த வழியில் போகிறது: துறைகள் ஒரே கணினி மாதிரியைப் பார்க்கின்றன, வடிவமைப்பு, கடைக்கால், கட்டுமானம் என்ற மூன்று முக்கியக் கட்டங்களில் ஒருங்கிணைந்த பதில் வருகிறது. அந்த அளவு மென்பொருள் இல்லாத மன்றமும் வாரம் ஒரு நாள் எல்லாத் துறையினரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கலாம்.

கேள்வி: இப்படிக் கூடிப் பேசினால் சலுகை வாங்கப் பார்க்கிறோம் என்று சொல்ல மாட்டார்களா?

சொல்வார்கள், கேட்பதும் நியாயம். கூட்டத்தில் எவருடைய தனிக் கோப்பையும் பேசாதீர்கள். பேசப்படும் விதி யாருடைய நிலுவைக் கோப்பைத் தொடுகிறதோ அவர் அந்த நேரம் வெளியே போகட்டும். கூட்டக் குறிப்பையும் சரிபார்ப்புத் தாளையும் பொதுவில் வெளியிடச் சொல்லுங்கள். உங்கள் சங்கத்தில் இல்லாத கட்டடக் கலைஞருக்கும், தானே விண்ணப்பிக்கும் வீட்டுக்காரருக்கும் அவை அதே நாளில் கிடைக்க வேண்டும்.