30 வாரக் கர்ப்பிணிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தைக்குக் கெடுதலா?

உங்கள் தங்கைக்குக் குறைமாதப் பிரசவம் ஆகலாம் என்று ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னதும் வீட்டில் எல்லோரும் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனை வராந்தாவில் நின்றபடியே இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். தயங்கி நேரத்தைக் கடத்தாதீர்கள். நான் மருத்துவர் அல்ல, 31 வாரத்தில் மகளைப் பெற்றவள்.

இரத்த அழுத்தம் ஏறி நாங்கள் முதலில் போன மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாததால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அனுப்பியது சரிதான். ஆனால் ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்த ஒன்றரை மணி நேரத்தில் முதல் ஊசியை ஏன் போடவில்லை என்ற ஆற்றாமை எனக்கு இன்றும் தீரவில்லை. மேல் சிகிச்சைக்கு அனுப்புமுன் கிராமச் சுகாதாரச் செவிலியரே டெக்ஸாமெத்தசோன் என்ற இந்த ஸ்டீராய்டின் முதல் ஊசியைப் போடலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் 2014ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது.

பெரிய மருத்துவமனையில், ஸ்டீராய்டு வேண்டவே வேண்டாம் என்று என் மாமியார் அழுததில் இன்னும் ஒரு மணி நேரம் போயிற்று. 12 மணி நேரத்துக்கு ஒன்றாக, 6 மில்லிகிராம் வீதம் நான்கு ஊசிகள் போட வேண்டும். மூன்றாவது போட்ட சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. மகள் பிறந்தவுடன் அழுதாள். ஐந்து நாள் மூக்கின் வழியே காற்றழுத்தம் கொடுத்தார்கள், வென்டிலேட்டர் தேவைப்படவில்லை.

ஒரு குழந்தையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று செம்மறி ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்த கிரஹாம் லிகின்ஸ், ஸ்டீராய்டு செலுத்தப்பட்டு, பிழைக்கவே முடியாத அளவு முன்னதாகப் பிறந்த குட்டி மூச்சு விடுவதைக் கண்டு, ராஸ் ஹோவி என்ற குழந்தை மருத்துவருடன் சேர்ந்து 282 தாய்மார்களிடம் இதே வகை ஸ்டீராய்டான பீட்டாமெத்தசோனைச் சோதித்து 1972இல் முடிவை வெளியிட்டார். மூச்சுத் திணறலும் இறப்பும் குறைந்தன. மூச்சை வெளிவிடும்போது நுரையீரலின் நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற படலம்; குறைமாதக் குழந்தைக்கு அது போதுமான அளவு ஊறியிருக்காது. தாய்க்குப் போடும் ஊசி நஞ்சுக்கொடியைக் கடந்து சென்று அதை விரைவாக ஊற வைக்கிறது.

எல்லாக் கர்ப்பிணிக்கும் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வாரக் கணக்குச் சரியாகத் தெரிந்து, பிரசவம் நெருங்கியிருப்பவர்களுக்கே இது பொருந்தும். தாய்க்குச் சில நாட்கள் இரத்தச் சர்க்கரை ஏறும் என்பதால், தங்கைக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் ஊசி போடும் செவிலியரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.