அக்கி ஆறியும் எரிச்சல்: சிஆர்பி சரியாக இருந்தால் போதுமா?

அப்பாவுக்கு அக்கி ஆறியும் எரிகிறது, இப்யூபுரூஃபன் வலி மாத்திரையும் கேட்கவில்லை, ஆனால் சிஆர்பி ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது, அது போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. சிஆர்பி ரத்தத்தில் தெரியும் அழற்சியைத்தான் காட்டும். அக்கி ஆறி 4 மாதமாகியும் உங்கள் அப்பாவுக்கு எரிகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் நரம்பிலும் தண்டுவடத்திலும் இருக்கிறது. அவர் வலி நிஜம்.

அக்கி வைரஸ் புண்படுத்திய நரம்பணுக்களைச் சுற்றி நோயெதிர்ப்பு செல்கள் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1 பீட்டா போன்ற சைட்டோகைன்களை, அதாவது அழற்சியைத் தூண்டும் புரதங்களை, சுரக்கின்றன. அவை நரம்பைச் சட்டென்று தூண்டப்படும் நிலையிலேயே வைத்துவிடும். சட்டைத் துணி உரசினாலே தீப்பட்டது போலிருக்கும். இப்யூபுரூஃபன் தடுப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேறொரு அழற்சிப் பொருளை; அதனால்தான் கேட்கவில்லை.

பஞ்சால் தழும்பின் மேல் மெல்ல வருடிப் பாருங்கள், அப்புறம் மறுபக்கம் அதே இடத்தில். தழும்புப் பக்கம் மட்டும் சுரீரென்றால், நரம்பியல் மருத்துவரிடம் அதைச் சொல்லி நரம்பு வலிக்கான காபாபென்டின் மருந்து, தோலை மரத்துப்போகச் செய்யும் லிடோகைன் பட்டை பற்றிக் கேளுங்கள்.

டிஎன்எஃபைத் தடுக்கும் மூட்டுவாத மருந்து மட்டும் வேண்டாம். அது அக்கியையே மறுபடி கிளப்பலாம்.