நோட்டு பார்த்தே வாசிக்கும் பிள்ளைக்கு ஃபேஷ் சரிவருமா?

மகளுக்கு ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக் தெரியாது, நோட்டை (எழுதிய இசைக்குறிப்பை) பார்த்துத்தான் வயலின் வாசிப்பாள், ஸ்காட்லாந்தில் இன்வர்னஸ் பக்கம் ஃபேஷ் வகுப்பில் (பிள்ளைகளுக்கு கேலிக் இசையும் பாட்டும் சொல்லித்தரும் உள்ளூர் வகுப்பு) சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். 1981இல் ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள பார்ரா தீவில் ஊர்க்காரர்களே தொடங்கியது இது. பாட்டும் மொழியும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடுமோ என்ற கவலை. மற்ற ஊர்களும் பிடித்துக்கொள்ள, 1988இல் கூட்டமைப்பே வந்துவிட்டது. இன்றைய ஸ்காட்டிஷ் மேடைக் கலைஞர்கள் பலர் இங்கே கற்றவர்கள்தான். கேலிக் தெரியாத பிள்ளைகளும் வருவார்கள்.

பாடம் பெரும்பாலும் காதால்தான்: ஆசிரியர் ஒரு துண்டு வாசிப்பார், பிள்ளைகள் திருப்பி வாசிப்பார்கள். நோட்டுக்குப் பழகியவளுக்கு முதலில் எரிச்சல் வரும், விடுங்கள். கிரேடு பரீட்சைக்கு மட்டும் இதை நம்பாதீர்கள். அதற்கு இப்போதைய டீச்சரே இருக்கட்டும். வயது வரம்பை முதலில் விசாரியுங்கள், ஊருக்கு ஊர் மாறும்.