நான்கு நண்பர்கள், நான்கு நம்பர்கள்

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு வயது 39. மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா எல்லோரும் ஒரே வீட்டில். பள்ளித் தோழர்கள் நான்கு பேர் வரும் ஆகஸ்டில் மணாலியிலிருந்து லே வரை மவுண்டன் பைக்கில் எட்டு நாளில் போகத் திட்டமிட்டிருக்கிறோம். ஒரு வருடமாகப் பயிற்சி செய்கிறோம். வால்பாறை, கொல்லிமலை இரண்டும் ஏறிவிட்டோம். சாமான் ஏற்ற ஒரு வண்டியும் கூட வருகிறது. படிவத்தில் அவசரத் தொடர்புக்கு ஒருவர் நம்பரை ஒருவர் கொடுத்துவிட்டோம், வீட்டில் வீணாகப் பயப்படுவார்கள் என்பதால். இப்போது சிக்கல் என்னவென்றால், எங்களில் ஒருவன் மெதுவாகத்தான் ஏறுகிறான். அவனால் எட்டு நாள் பத்து நாளாகிவிடுமோ என்று வாக்குவாதம். நட்பு கெடாமல் அவனை வர வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?
- கோவை வாசகர்

பதில்: தம்பி, அந்த நண்பரை விடுங்கள், அவரிடம் பிறகு வருகிறேன். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அவசரத் தொடர்புக்கு ஒருவர் நம்பரை ஒருவர் கொடுத்தோம் என்று, எனக்கு அதைத்தான் பேச வேண்டும்.

அவசரம் என்று ஒன்று வந்தால் அந்த நான்கு போனும் எங்கே இருக்கும்? நான்கும் அதே மலையில், அதே கூடாரத்தில், சிக்னல் இல்லாமல் கிடக்கும். வழியில் தார்ச்சா என்ற ஊரைத் தாண்டினால், லேக்கு முன்னால் வரும் உப்ஷி பக்கம் இறங்கும் வரை பெரும்பாலான இடத்தில் போனை நம்ப முடியாது. வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது என்று அங்கே போய் வந்த எல்லோரும் சொல்வார்கள். யாராவது அந்த நம்பரை அழைத்தால் எடுக்க ஆள் இருக்காது.

இன்னொன்றையும் யோசியுங்கள். நான்கு பேரும் ஒரே நாளில் ஒரே உயரத்துக்கு ஏறுகிறீர்கள். உயரம் ஒத்துக்கொள்ளாமல் போனால் ஒருவருக்கு மட்டும்தான் வரும் என்று யார் சொன்னது? முதலில் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை. முற்றினால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். மூளை வீங்கும் நிலைக்குப் போனவருக்குத் தனக்கு என்ன ஆகிறது என்றே புரியாது. உங்களுக்காகப் பேச வேண்டியவர் உங்களைப் போலவே குழறிக்கொண்டிருந்தால்?

வால்பாறைக்கு ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. கால் நன்றாகப் பழகியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். நீங்கள் ராத்தங்கப் போகும் கேலாங் அதைவிட உயரம். வழியில் ஏற வேண்டிய கணவாய்களில் பாரலாச்சா லா கிட்டத்தட்ட 4,900 மீட்டர், தங்லங் லா 5,300 மீட்டருக்கு மேல். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. இதற்குக் கோவையில் இருந்துகொண்டு எந்தப் பயிற்சியும் எடுக்க முடியாது. வியாதி முற்றினால் உடனே கீழே இறக்குவதுதான் முதல் வைத்தியம். ஆனால் நடுவழியில் பாங் என்ற இடத்தில் படுத்திருக்கிறவரை எங்கே இறக்குவீர்கள்? தெற்கே வந்தாலும் வடக்கே போனாலும் 5,000 மீட்டருக்கு மேல் ஒரு கணவாயை ஏறித்தான் இறங்க வேண்டும்.

சரி, எப்படியோ லேயில் ஒரு டாக்டர் முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள் என்று வையுங்கள். உயரத்துக்குக் கொடுக்கும் அசிட்டசோலமைடு, அதுதான் டயமாக்ஸ் என்று கடையில் கேட்கிறோமே, அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாத சல்ஃபா வகை மருந்துகளோடு உறவுடையது. அதனால் டாக்டர் கேட்பார்: "இவருக்கு சல்ஃபா ஒத்துக்குமா? ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" உங்கள் பள்ளித் தோழருக்குத் தெரியுமா? பத்தாம் வகுப்பில் நீங்கள் எத்தனை மார்க் என்று அவருக்குத் தெரியும். போன வருடம் எந்த மாத்திரைக்கு உடம்பெல்லாம் தடித்தது என்று உங்கள் மனைவிக்குத்தான் தெரியும். அவர் நம்பரைத்தான் நீங்கள் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

"வீணாகப் பயப்படுவார்கள்." இந்த வரியை எத்தனை கடிதத்தில் படித்திருக்கிறேன்! கடன் வாங்கியவர் எழுதுவார், அறுவை சிகிச்சையை மறைத்தவர் எழுதுவார். கொஞ்ச நாள் கழித்து அதே மாதிரி வீட்டிலிருந்து ஒரு பெண் எழுதுவார்: "எனக்கு மட்டும்தான் தெரியாது, அவர் சிநேகிதர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது." நடந்ததைவிட அதுதான் அந்தப் பெண்களுக்கு ஆறவில்லை. மனைவிக்கு முழுத் திட்டமும் தெரிந்திருந்தால் அவர் நம்பரைக் கொடுக்க உங்களுக்கு என்ன தயக்கம்? மணாலிக்கு டூர் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் நினைத்தது தவறாக இருந்தால் சந்தோஷம்.

குடும்பம் வைத்திருக்கிறவன் மலை ஏறக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். போங்கள். ஆனால் உங்கள் உயிர் உங்களுடையது மட்டுமில்லை. அந்த வீட்டில் இன்னும் நான்கு பேர் அதை நம்பி இருக்கிறார்கள். அவர்கள் பயப்படட்டும். பயப்பட அவர்களுக்கு உரிமை இருக்கிறது. பயந்துகொண்டே வழியனுப்புவதும் அவர்கள் உங்களுக்குச் செய்கிற ஒன்றுதான். அதைச் செய்ய விடாமல் தடுப்பதைப் பாசம் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

மெதுவாக ஏறும் நண்பரைப் பற்றி. அவரைக் கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள், மற்ற மூவரும் அவர் வேகத்துக்கு வாருங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. சுமார் 3,200 மீட்டரில் இருக்கும் ஜிஸ்பாவில் தூங்கி மறுநாள் ராத்திரி 4,300 மீட்டர் சர்ச்சுவில் படுப்பது அந்தக் கணக்கில் வராது. எட்டு நாளில் முடிக்க நினைப்பவர்கள் பலரும் அப்படித்தான் போகிறார்கள். ஜிஸ்பாவில் இரண்டு இரவு, சர்ச்சுவுக்கு முன் நடுவில் பட்சேயோவில் ஓர் இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பத்து நாள் ஆகும், பதினொன்றும் ஆகலாம். லீவு போதாவிட்டால் அடுத்த வருடம் போங்கள்.

நாளைக்கே படிவத்தைத் திருப்பி வாங்கி, நான்கு வீட்டு நம்பரையும் எழுதுங்கள். ஆளுக்கு ஒரு அட்டையில் ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை, ஒத்துக்கொள்ளாத மருந்து எல்லாம் எழுதி, கூட வரும் வண்டி டிரைவரிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். மாத்திரை எதுவாக இருந்தாலும் கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

அந்த அட்டையை எழுதுவதற்கு முன், எனக்கு சல்ஃபா ஒத்துக்குமா என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள். எதற்கு இப்போது கேட்கிறீர்கள் என்பார். அப்போது மேப்பை எடுத்து மேஜையில் விரித்து, மணாலியில் விரலை வைத்து ஆரம்பியுங்கள். அப்பாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.